இடது கண்ணுக்கு எத்தனை மரம்

அவரிடம் யாரும், "நொம்ப எளச்சுட்டீங்களே" என்று சொல்லிவிட்டுச் சும்மா போய்விட முடியாது. "எப்பப் பாத்த ஆள வெச்சுச் சொல்றீங்க?" என்று கேட்பார். கேலி இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்பார். போன பொங்கலுக்குப் பார்த்ததா, அதற்கு முந்தினதற்கா. அப்போது நின்றுகொண்டிருந்தேனா, உட்கார்ந்திருந்தேனா. மூன்றாவது கேள்வியில் சொன்னவர், "அட, ஒரு பேச்சுக்குச் சொன்னனுங்க" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகும் பஸ்ஸில் இதை நான் காதால் கேட்டது நான்கு முறை. நான்காம் முறை சொன்னது நான்தான்.

சேலத்தில் ஒரு கண்ணாஸ்பத்திரியில் அவருக்கு வேலை. கண்களைப் படம் பிடிக்கும் வேலை. திங்கள் முதல் சனி மத்தியானம் வரை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் விடுதியில் தங்குவார். சனிக்கிழமை பஸ் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவு கடந்து, நாகலூரில் மகள் இருக்கும் வீட்டுக்கு வந்து, ஞாயிறு மாதா கோயிலில் பூசை பார்த்துவிட்டு, திங்கள் முதல் பஸ்ஸில் இறங்கிவிடுவார். மிஷன் பள்ளியில் பதினொன்று வரை படித்தவர். எனக்குப் பழக்கமானபோது நாற்பது வயது இருக்கும். ஆஸ்பத்திரியில் அவரைக் கேமராம்மா என்பார்கள். நான் அம்மணி என்பேன். அவர் என்னை ரைட்டரய்யா என்பார்.

எஸ்டேட்டில் எனக்கு ரைட்டர் வேலை. காலையில் ஆள் எண்ணுவது, பிளாக் பிளாக்காகக் காப்பிச் செடி எண்ணுவது, மழைமானித் தண்ணீரை அளந்து எழுதுவது. அந்த வேலையை விட்டு வெகுநாளாகிவிட்டது. எண்ணுவது மட்டும் விடவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் செடிகளின் கிளை கழிக்கும் ஒரு கவாத்துச் சமயம், வளைத்துப் பிடித்திருந்த காப்பிக் கிளை கைநழுவி என் வலது கண்ணில் அடித்தது. ஒன்றுமில்லை என்று பச்சிலைச் சாறு விட்டுக்கொண்டேன். ஐந்தாம் நாள் கண்ணில் பூஞ்சை பிடித்துவிட்டது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். மூன்று மாத மருந்தில் பூஞ்சை அடங்கியது. ஆனால் கருவிழி முழுக்க வெள்ளைத் தழும்பு. இறந்துபோன யாரோ ஒருவர் கொடுத்த கருவிழியை எனக்கு வைத்துத் தைத்தார்கள். யார் என்று சொல்லவில்லை. நானும் ஒரு முறைக்கு மேல் கேட்கவில்லை.

கட்டு அவிழ்த்த மறுநாள்தான் அம்மணியின் அறைக்கு முதல் தடவையாகப் போனேன். ஒளியை மெல்லிய கீற்றாகப் பாய்ச்சும் விளக்கு, அதன்மேல் கேமரா, இந்தப் பக்கம் மோவாயை வைக்க ஒரு தாங்கி. நெற்றியைப் பட்டையில் ஒட்டச் சொல்லி, "சிமிட்டாதீங்க, சிமிட்டாதீங்க" என்று ஒரே சுருதியில் சொல்லிக்கொண்டே எடுத்தார். எடுத்ததும் ஒரு நோட்டில் எழுதினார். விளக்கு எத்தனை டிகிரி சாய்ந்திருந்தது, மோவாய்த் தாங்கி எந்த உயரத்தில் இருந்தது, கீற்று எவ்வளவு அகலம். படத்துக்கு எதற்கு இத்தனை கணக்கு என்று கேட்டேன். அடுத்த படத்தையும் இதேபோல எடுத்தால்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும் என்றார். எனக்கு அந்த நோட்டு மிகவும் பிடித்துப்போயிற்று.

பிரிண்டு போட்டதும் காட்டினார். கருவிழியைச் சுற்றிக் கடிகார எண்கள்போலத் தையல்கள். எண்ணினேன். பதினைந்து. டாக்டர் பதினாறு என்றாரே என்று சொன்னேன். மறுபடி எண்ணினேன். பதினைந்துதான். ஒரு தையல் விட்டுப்போயிற்றா, அல்லது அறுந்து உள்ளே போயிற்றா என்று எனக்கு வியர்த்துவிட்டது. அவர் பதறவில்லை. என்னை மறுபடி உட்காரவைத்து மேல் இமையை விரலால் தூக்கிப் பிடித்து இன்னொரு படம் எடுத்தார். அதில் பதினாறாவது இருந்தது, இமைக்குப் பின்னால்.

"ஒரு படத்த வெச்சு நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டனுங்க ரைட்டரய்யா," என்றார். "ஒத்தப் படம் பொய் சொல்லாது. ஆனா பாதியிலயே நிறுத்திக்கும்."

இது அவர் எல்லாரிடமும் சொல்வது. சிலருக்கு எரிச்சலாக இருக்கும். டாக்டரைப் பார்க்கும் முன்னால் நல்ல வார்த்தை ஒன்று கேட்டுவிட வேண்டும் என்று நோயாளிகள் அவரைக் கெஞ்சுவார்கள். "நல்லாருக்குதுங்களா?" என்பார்கள். எதைவிட என்று அவர் கேட்பார். ஒரு கிழவி, கல்நெஞ்சுக்காரி என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனாள். அவர் நோட்டில் டிகிரி எழுதிக்கொண்டிருந்தார். படத்தைப் பக்கத்தில் வைப்பதுதான் தன் வேலை, படிப்பது டாக்டர் வேலை என்பார்.

அவருக்கு இன்னொரு வழக்கம் உண்டு. ஃபிலிம் சுருளில் முப்பத்தாறு படம். முப்பத்து நான்கு எடுத்ததும் நிறுத்திவிடுவார். அடுத்த சுருள் ஸ்டோரிலிருந்து கைக்கு வந்த பிறகுதான் மீதி இரண்டையும் எடுப்பார். ஸ்டோர்க்காரர் இதற்காக அவரோடு சண்டை போடுவார். பஸ்ஸில் ஒரு தடவை நான் காரணம் கேட்டேன். மேலே கொட்டச்சேடு ஊர்க்காரர் ஒருவருக்கு என்னைப்போலவே கருவிழி வைத்திருந்தார்களாம். அவர் வீடு திரும்பிய நாளில் ஃபிலிம் தீர்ந்திருந்தது. அடுத்த தடவை எடுத்துக்கொள்ளலாம் என்று அம்மணி அனுப்பிவிட்டார். இரண்டு மாதத்தில் அந்தக் கருவிழி கலங்கிப்போய் அவர் திரும்பி வந்தார். கலக்கம் புதியதா, முதலிலிருந்தே ஓரத்தில் இருந்ததா என்று சொல்லப் பழைய படம் இல்லை. டாக்டர் ஊகித்தார். ஊகம் தப்பாகிவிட்டது.

"இதே பஸ்லதான் வருவாருங்க," என்றார். "நான் பேசுனாத்தான் என்னையத் தெரியும் அவருக்கு."

நான் எஸ்டேட் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பியதும் என் பங்குக்கு ஒரு கணக்கு ஆரம்பித்தேன். ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சரிவில் ஒரே வரிசையாகச் சில்வர் ஓக் மரங்கள், பதினான்கு. தினமும் காலை ஏழு மணிக்கு இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வலது கண்ணால் எண்ணுவேன். டைரியில் எழுதுவேன். முதல் மாதம் வெறும் பச்சைப் புகை. பிறகு மூன்று மரம், ஐந்து, எட்டு. கண்ணாடி போட்டபின் பதினொன்று. ஆடி கடைசியில் ஒரு காலை பதினான்கும் தனித்தனியாக நின்றன. அன்று என் மனைவியைக் கேசரி கிண்டச் சொன்னேன். மரத்துக்குப் படைக்கவா என்று கேட்டாள்.

ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறந்தது. மரம் குறைய ஆரம்பித்தது. பன்னிரண்டு. பத்து. மறுபடி பத்து. ஏழு. எங்கள் மலையில் அந்த மாதத்தில் மேகம் ஜன்னல் வரை வந்து நிற்கும். யாருக்கும் எதிர்ச் சரிவு தெரியாது. அதனால் டைரியில் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே 'மேகம்' என்று எழுதினேன். ஒன்பது நாளில் ஒன்பது மேகம். கண்ணில் கொஞ்சம் நீர் வந்தது. குளிர் என்று நினைத்தேன். சிவந்திருக்கிறது என்றாள் மனைவி. அடுப்புப் புகை என்றேன். சொட்டு மருந்தை ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. அதையும் எழுதி வைத்திருந்தேன்.

ஒன்பதாம் நாள் சனிக்கிழமை. நாகலூர்க் கடைக்குச் சர்க்கரை வாங்கப் போயிருந்தேன். நாலு மணி பஸ் வந்து நின்று அவர் பையோடு இறங்கினார். என்னைப் பார்த்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. நேரே கண்ணைப் பார்த்தார்.

"எப்பருந்துங்க?"

நான் விவரமாகச் சொன்னேன். மரக் கணக்கை ஒப்பித்தேன். பன்னிரண்டு, பத்து, ஏழு, நேற்று ஆறு, எல்லாம் மேகத்தால் என்று. எண்ணி வைத்திருக்கிறேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அவர் முழுதும் கேட்டுக்கொண்டார்.

"இடது கண்ணுக்கு எத்தன மரமுங்க?"

எனக்குப் புரியவில்லை. இடது கண் நல்ல கண். அதை எதற்கு எண்ண வேண்டும்?

அவர் பையைக் கீழே வைத்துவிட்டு என் இரு தோளையும் பிடித்து, ரோட்டைப் பார்க்கத் திருப்பினார். மேகம் இறங்கியிருந்தது. ரோட்டோரம் கரண்டுக் கம்பங்கள் வளைவு வரை போகும். முதலில் வலது கண்ணால் எண்ணச் சொன்னார். இரண்டு. பிறகு வலதைப் பொத்தி இடதால். ஆறு.

ஒரே ரோடு, ஒரே மேகம். நான் மறுபடி மாற்றி மாற்றி எண்ணினேன். இரண்டு, ஆறு, இரண்டு, ஆறு. கையிலிருந்த சர்க்கரைப் பொட்டலம் எப்போது விழுந்தது என்று தெரியவில்லை.

"ஏனுங்க ரைட்டரய்யா," என்றார் மெதுவாக, "இத்தன எண்ணுன மனுசன், பாதிக் கணக்குத்தான எழுதியிருக்கீங்க."

அந்த பஸ் திரும்பி அப்படியே சேலம் போகும். அவர் தன் வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கடைக்காரரிடம் இரண்டு வீட்டுக்கும் சொல்லிவிடச் சொல்லி, என்னை ஏற்றிவிட்டுத் தானும் ஏறினார். இருபது வளைவிலும் நான் டைரியையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்பது நாள்.

டாக்டர் ஆஸ்பத்திரி வளாகத்திலேயே குடியிருந்தார். விளக்கில் வெகுநேரம் பார்த்தார். வைத்த கருவிழியின் உள்பக்கத்தில், கீழ் ஓரத்தில், பொடிப் பொடியாகப் புள்ளிகள் என்றார். இது இரண்டில் ஒன்றாக இருக்கலாம். அந்நியக் கருவிழி என்று என் உடம்பு அதைத் தள்ளப் பார்க்கலாம். அப்படியானால் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மணிக்கு ஒரு தரம் விட வேண்டும். தாமதித்தால் கருவிழி போய்விடும். அல்லது பழைய பூஞ்சை திரும்பியிருக்கலாம். அப்படியானால் அதே மருந்து பூஞ்சைக்குச் சோறு போட்டதுபோல, கண்ணே போய்விடும். பார்த்த மாத்திரத்தில் உறுதியாகச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். எனக்குப் பூஞ்சை வந்த சரித்திரம் இருந்தது.

ஸ்டோர் பூட்டியிருந்தது, திங்கள்தான் திறப்பார்கள். கேமராவில் இரண்டு படம் மீதி இருந்தது.

அம்மணி நோட்டைப் பிரித்து ஆடி மாதப் பக்கத்தைப் பார்த்து, அதே டிகிரி, அதே உயரம், அதே கீற்று வைத்து ஒன்று எடுத்தார். "ஒண்ணு இன்னைக்கு," என்றார். மற்றது மறுநாள் காலைக்கு. நடுவில் மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம் என்று டாக்டர் முடிவு செய்தார். வார்டில் படுத்தேன். கூரை விசிறியில் மூன்று இறக்கை. வேறொன்றும் எண்ணத் தோன்றவில்லை.

ஞாயிறு காலை அவர் கோயிலுக்குப் போகவில்லை. முப்பத்தாறாவது படத்தை எடுத்துவிட்டு இருட்டறைக்குள் போனார். ஒரு மணி நேரம் கழித்து மூன்று பிரிண்டோடு வந்தார், இரண்டில் இன்னும் ஈரம் காயவில்லை. ஆடியில் எடுத்தது, நேற்று எடுத்தது, இன்று எடுத்தது. டாக்டரின் மேஜையில் வரிசையாக வைத்தார். வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். எப்போதும் அப்படித்தான், படத்தை வைத்ததும் விலகிவிடுவார்.

டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்க்கலாமா என்று கேட்டேன். என் கண்தானே என்று இடம் விட்டார்.

ஆடிப் படத்தில் கருவிழி கண்ணாடிபோல இருந்தது. நேற்றைய படத்தில் கீழ் ஓரத்தில் புள்ளிகள், கோணலாக ஒரு கோடு. இன்றைய படத்தில் அதே கோடு மேலே நகர்ந்திருந்தது. கோட்டுக்குக் கீழே புகைபோல மங்கல். மேலே இன்னும் தெளிவு. நான் முப்பது வருடம் பார்த்த காட்சி அது. பழம் பறிக்கும் ஆட்கள் சரிவின் அடியில் ஒரு வரிசை கட்டி நிற்பார்கள், அதை நெரை என்போம். நெரை ஏறும்போது பின்னால் செடி வெறுமையாகிக்கொண்டே வரும், முன்னால் சிவப்பாக நிறைந்திருக்கும். இலைநோய் விழுந்தால் அப்படி ஏறாது. ஓரிடத்தில் பற்றி அங்கேயே நாலு பக்கமும் பரவும்.

"இது நெரையாட்டம் ஏறுதுங்களே," என்றேன்.

டாக்டர் நெரை என்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன். லென்ஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அதேதான். உடம்பு தள்ளுறதுன்னா இப்படித்தான் வரிசை கட்டி வரும். பூஞ்சை இல்ல." நர்ஸைக் கூப்பிட்டார். கடிகாரத்தில் ஒன்பது பத்து.

அன்றிலிருந்து காலை ஆறு முதல் இரவு பத்து வரை மணிக்கு ஒரு சொட்டு, ஒரு நாளைக்குப் பதினேழு. கண்ணோரம் ஊசியும் போட்டார்கள். நான்காம் நாள் படத்தில் நெரை நின்ற இடத்திலேயே நின்றது. பத்தாம் நாள் படத்தில் புள்ளிகள் குறைந்திருந்தன. அவர் ஒவ்வொரு படத்தையும் முந்தையதன் பக்கத்தில் வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனார். நான் எத்தனை தரம் கேட்டும் ஒரு நல்ல வார்த்தை வரவில்லை. எனக்கும் அந்தக் கிழவி சொன்னதைச் சொல்லிவிடலாமா என்று இருந்தது. மாசி மாதம் வலது கண்ணுக்குப் பதின்மூன்று மரம் தெரிந்தது. இடது கண்ணுக்குப் பதினான்கு. இந்தத் தடவை இரண்டையும் எழுதினேன்.

சில வருடம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் புதுக் கேமரா ஒன்று வந்தது. கருவிழியின் உள்பக்கம் ஒரே அடுக்காக இருக்கும் செல்களை அது படம் எடுக்கும். அந்தச் செல்கள்தான் தண்ணீரை வெளியே தள்ளிக் கருவிழியைத் தெளிவாக வைத்திருப்பவை. செத்தது திரும்ப முளைக்காது; மிச்சமிருப்பவை கொஞ்சம் விரிந்து இடத்தை நிரப்பிக்கொள்ளும். பிரிண்டில் தேனடைபோலத் தெரிந்தது. அதன்மேல் சின்னச் சதுரம் போட்டு உள்ளே எத்தனை என்று அம்மணி எண்ணுவார். எனக்கு அப்படி ஒரு வேலை இருப்பது தெரியாமல் போயிற்றே என்று இருந்தது.

நான் எண்ணினேன், பதினாறு. அவர் பதினொன்று என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஐந்து செல்லை எங்கே விட்டீர்கள் என்று கேட்டேன். சதுரத்தின் மேல்கோடும் இடதுகோடும் வெட்டிய செல்களைச் சேர்ப்பதாம், கீழ்க்கோடும் வலதுகோடும் வெட்டியதை விடுவதாம். எஸ்டேட்டில் எல்லைச் செடிகளை நாங்கள் எண்ணுவதும் அப்படித்தான். மேல் எல்லையும் இடது எல்லையும் இந்த பிளாக்குக்கு, மற்றவை அடுத்த பிளாக்குக்கு. இல்லாவிட்டால் ஒரே செடி இரண்டு கணக்கில் வந்துவிடும். அந்த முறைப்படி எண்ணினேன். பதினொன்றுதான்.

இடது கண்ணில் இருபத்து நான்கு இருந்தது.

"பாதிகூட இல்லீங்களே அம்மணி. இது போதுங்களா?"

"ஒரு எண்ணிக்கய வெச்சு நான் சொல்ல மாட்டனுங்க. அடுத்த வருசம் வாங்க."

அந்த ஒரு வருடம் நான் அவர்மேல் கோபமாகவே இருந்தேன். பஸ்ஸில் இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்தேன். குறைந்துகொண்டே போனால் எத்தனையில் நிற்கும், எந்த வருடம் மறுபடி மேகம் வரும் என்று டைரியின் கடைசிப் பக்கத்தில் கழித்துக் கழித்துப் பார்த்தேன். தூக்கம் கெட்டது. என் மனைவி அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டாள்.

அடுத்த வருடம் போனேன். எடுத்தார். சதுரம் போட்டார். இந்தத் தடவை முதலில் என்னைத்தான் எண்ணச் சொன்னார். மேல்கோடு சேர்த்து, இடதுகோடு சேர்த்து, மூன்று தரம் எண்ணினேன். பதினொன்று. அவரும் எண்ணினார். பழைய படத்தை எடுத்து இதன் பக்கத்தில் வைத்தார். அன்று ஜன்னலுக்குப் போகவில்லை. என் பக்கத்திலேயே நின்று இரண்டையும் பார்த்தார்.

"நிக்குதுங்க," என்றார்.

இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே தீர்ப்பு அதுதான். அறையை விட்டு வெளியே வந்து வராந்தாவில் உட்கார்ந்துவிட்டேன்.

அம்மணி ஓய்வு பெற்றபின் மகளோடு ஈரோட்டுப் பக்கம் போய்விட்டார் என்று சொன்னார்கள். போகும் முன் என் படங்களை ஒரு உறையில் போட்டு நாகலூர்க் கடையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பின்னால் தேதி, டிகிரி, உயரம் எல்லாம் எழுதியிருந்தது. இரண்டிரண்டாகக் கிளிப் போட்டிருந்தது. முப்பத்தெட்டு படம், பத்தொன்பது ஜோடி. தனியாக ஒன்றுகூட இல்லை.

இன்றும் ஏழு மணிக்கு, எஸ்டேட் எனக்கே விட்டுவைத்த குவார்ட்டர்ஸின் அதே ஜன்னலைத் திறந்தேன். கார்த்திகை மேகம் கம்பி வரை வந்து நிற்கிறது. வலது கண்ணுக்கு ஐந்து மரம். பயமாகத்தான் இருந்தது. வலதைப் பொத்திக்கொண்டு இடதால் எண்ணினேன்.

ஐந்து.